அழைப்பது யார் என்று சொல்வது யார்?

உங்கள் வங்கிக்கு ஒரு முறை போன் செய்து பாருங்கள். பிறந்த தேதி, கார்டின் கடைசி நான்கு எண்கள், அம்மாவின் பெயர் என்று வரிசையாகக் கேட்பார்கள். பேசுவது நீங்கள்தான் என்று உறுதியான பிறகுதான் விஷயத்துக்கே வருவார்கள். நியாயமான நடைமுறைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அதே வங்கி உங்களுக்குப் போன் செய்கிறது. பேசுவது வங்கிதான் என்று உங்களுக்கு யார் நிரூபிப்பார்கள்?

ரொம்ப நாளாக இந்தக் கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் மோசடிக்காரர்கள் புகுந்தார்கள். கடந்த சில வருடங்களில் இந்தியாவிலும் வெளியிலும் இதற்குப் பல தீர்வுகள் வந்திருக்கின்றன: 1600 எண்கள், எஸ்எம்எஸ் பதிவேடு, நீல டிக், திரையில் தெரியும் பெயர் என்று ஒவ்வொன்றாக. எல்லாவற்றுக்கும் பொதுவாக 'வெரிஃபைடு' என்று ஒரே பெயர். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயத்தைச் சரிபார்க்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

நஷ்டம் இரண்டு பக்கமும்

மோசடி அழைப்பை எடுத்துப் பணத்தை இழந்தவர்கள் பற்றித் தினமும் செய்தி வருகிறது. உண்மையான அழைப்பை எடுக்காததால் வரும் நஷ்டம் செய்தியில் வருவதில்லை.

மதுரையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு 78 வயது. போன வருடம் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சாயங்காலம் பரிசோதனைக் கூடத்திலிருந்து மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதீர்கள் என்று போலீஸ் சொல்கிறது, வங்கி சொல்கிறது, டிவியிலும் சொல்கிறார்கள். அவர் அதை அப்படியே கடைப்பிடிக்கிறவர். சோடியம் அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. கடைசியில் கூடத்துக்காரர்கள் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்ல, டாக்டர் தன் போனிலிருந்து கூப்பிட்டார். அந்த நம்பர் 'டாக்டர்' என்று பெரியப்பாவின் போனில் சேமிக்கப்பட்டிருந்தது. முதல் மணியிலேயே எடுத்தார். அன்றிரவே ஆஸ்பத்திரியில் சேர்த்து, நான்கு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார்.

பரிசோதனைக் கூடத்தின் மேல் தப்பில்லை. பெரியப்பாவின் மேலும் தப்பில்லை. அழைத்தவர் உண்மையானவர், ஆனால் அதைக் காட்ட அவரிடம் வழி எதுவும் இல்லை. ஆக, நம்பிக்கை என்பதை வணிகத்துக்கான விளம்பரச் சொல்லாக மட்டும் பார்க்க முடியாது. சில நேரம் அது உயிர் சம்பந்தப்பட்டது.

திரையில் தெரியும் நம்பர் எங்கிருந்து வருகிறது?

தபால் உறையின் மூலையில் அனுப்புநர் முகவரி எழுதுகிறோம் இல்லையா? அதில் நான் யாருடைய முகவரியை வேண்டுமானாலும் எழுதலாம். தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. பெறுநர் முகவரி சரியாக இருந்தால் கடிதம் போய்ச் சேரும். போனில் தெரியும் நம்பரும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

தொலைபேசி நிலையங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற நெறிமுறை 1970-களில் உருவானது. அப்போது வலைப்பின்னலில் இருந்தவை அரசுத் துறைகளும் சில பெரிய நிறுவனங்களும்தான். எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அதனால், ஒரு நிலையம் 'இந்த அழைப்பு இன்ன நம்பரிலிருந்து வருகிறது' என்று சொன்னால் மறு நிலையம் அதை அப்படியே நம்பும். இணையம் வழியாகப் பேசும் முறை வந்ததும் இந்த நம்பிக்கை உடைந்தது. இன்று பெரும்பாலான அழைப்பு மையங்கள் பயன்படுத்தும் சிப் நெறிமுறையில், அழைப்பவரின் நம்பர் என்பது செய்தியின் தலைப்பில் உள்ள ஒரு வரி. மென்பொருள் எழுதுகிறவர்களுக்குச் சொல்வதென்றால், அது வெறும் ஒரு ஸ்ட்ரிங். அதில் என்ன போடுவது என்பதை அனுப்புகிற பக்கம் முடிவு செய்கிறது.

'அப்படியானால் நம்பரை மாற்றுவதையே தடை செய்துவிடலாமே?' என்று தோன்றும். முடியாது. 200 பேர் உட்கார்ந்து பேசும் அழைப்பு மையத்தில் எல்லோருடைய அழைப்பும் நிறுவனத்தின் ஒரே நம்பரைக் காட்டுவது நல்ல விஷயம். வீட்டிலிருந்து நோயாளியிடம் பேசும் டாக்டர், ஆஸ்பத்திரி நம்பரைக் காட்ட நினைப்பதும் நியாயம்தான். ஆகவே வேறு யாராவது ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்: 'ஆமாம், இவருக்கு இந்த நம்பரைக் காட்ட உரிமை இருக்கிறது.'

அமெரிக்கா: கையொப்பம் போட்டால் போதுமா?

அந்தச் சாட்சியை டிஜிட்டல் கையொப்பமாக மாற்றியது அமெரிக்கா. ஸ்டிர்/ஷேக்கன் என்று பெயர். ஜேம்ஸ் பாண்ட் காக்டெய்ல் கேட்கும் பாணியை வைத்துப் பொறியாளர்கள் அடித்த ஜோக். 2019 டிசம்பர் கடைசியில் சட்டம் வந்தது. 2021 ஜூன் 30-க்குள் பெரிய தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் இணையவழிப் பகுதிகளில் இதை நிறுவ வேண்டும் என்று அந்த நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் கெடு வைத்தது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. அழைப்பு கிளம்பும் இடத்தில் உள்ள தொலைபேசி நிறுவனம் அதற்கு ஒரு தரம் கொடுத்துக் கையொப்பமிடும். ஏ தரம் என்றால், 'இந்த வாடிக்கையாளரை எனக்குத் தெரியும், இந்த நம்பரைக் காட்ட அவருக்கு உரிமையும் உண்டு.' பி தரம் என்றால், 'ஆளைத் தெரியும், நம்பருக்கு உரிமை உண்டா என்று தெரியாது.' சி தரம் என்றால், 'என் வழியாக உள்ளே வந்தது, அவ்வளவுதான்.' அழைப்பு போய்ச் சேரும் இடத்தில் உள்ள நிறுவனம் கையொப்பத்தைச் சரிபார்க்கும். கணித ரீதியாக இதை உடைப்பது நடைமுறையில் சாத்தியமில்லை.

2024 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கட்சி முன்தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, அதிபர் பைடனின் குரலைப் போலச் செயற்கை நுண்ணறிவால் செய்த ஒரு குரல், ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போன் செய்து வாக்களிக்கப் போகாதீர்கள் என்றது. திரையில் தெரிந்தது அந்த ஊர் கட்சிப் பிரமுகர் ஒருவரோடு தொடர்புடைய நம்பர். அந்த அழைப்புகளுக்கு லிங்கோ டெலிகாம் என்ற நிறுவனம் கொடுத்த தரம் என்ன தெரியுமா? ஏ. அந்த நம்பரைக் காட்ட வாடிக்கையாளருக்கு உரிமை உண்டா என்று தானாகச் சரிபார்க்காமலே முதல் தரச் சாட்சி சொல்லிவிட்டது. விசாரணைக்குப் பிறகு அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தது. அழைப்புக்கு ஏற்பாடு செய்த தேர்தல் ஆலோசகருக்கு 60 லட்சம் டாலர் அபராதம்.

இதில் கவனிக்க வேண்டியது: கையொப்பம் போலி இல்லை. கையொப்பமிட்டவர் சொன்னதுதான் தப்பு. நம்ம ஊரில் முகம் பார்க்காமல் சான்றொப்பம் போட்டுக் கொடுக்கும் அதிகாரி இருப்பார் இல்லையா, அந்த மாதிரி. முத்திரை அசல்தான். அவர் எதைப் பார்த்துப் போட்டார் என்பதுதான் கேள்வி. ஆணையம் அந்த நிறுவனத்துக்கு விதித்த நிபந்தனையும் இதுவே: உன் வாடிக்கையாளர் யார் என்று முதலில் தெரிந்துகொள்.

சிங்கப்பூர்: ஒரே இழையில் உண்மையும் பொய்யும்

அழைப்பை விட எஸ்எம்எஸ்ஸில் சிக்கல் இன்னும் மோசம். அனுப்புகிறவர் நம்பருக்குப் பதிலாக எழுத்துகளில் ஒரு பெயரைப் போட முடியும். அந்தப் பெயருக்கு உலக அளவில் உரிமையாளர் என்று யாரும் கிடையாது. போன் என்ன செய்யும்? ஒரே பெயரில் வரும் செய்திகளை ஒரே இழையில் அடுக்கும்.

2021 டிசம்பரில் சிங்கப்பூரின் ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர்களுக்கு வங்கியின் பெயரிலேயே எஸ்எம்எஸ் வந்தது. உங்கள் கணக்கில் பிரச்சினை, இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று. வங்கி இத்தனை வருடமாக அனுப்பிய உண்மையான செய்திகளுக்குக் கீழே, அதே இழையில், அடுத்த செய்தியாக அது வந்து உட்கார்ந்தது. எப்படிச் சந்தேகப்படுவது? சுமார் 790 பேர் 137 லட்சம் சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். பிறகு வங்கி நல்லெண்ண அடிப்படையில் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்தது.

அடுத்து நடந்தவை எனக்கு முக்கியமாகப் பட்டன. முதலாவது, 2022 ஜனவரியில், தனிநபர் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் எஸ்எம்எஸ்ஸிலும் மின்னஞ்சலிலும் அழுத்தக்கூடிய இணைப்புகளை வங்கிகள் எடுத்துவிட வேண்டும் என்று முடிவானது. இது தொழில்நுட்பமே இல்லை, ஒரு பழக்க மாற்றம். ஆனால் வாடிக்கையாளருக்கு மிகத் தெளிவான ஒரு விதியைக் கொடுத்தது: இணைப்பு இருந்தால் அது வங்கி இல்லை. இரண்டாவது, 2023 ஜனவரி 31 முதல், எழுத்துப் பெயரில் எஸ்எம்எஸ் அனுப்ப நிறுவனங்கள் பதிவேட்டில் சேர்ந்தே ஆக வேண்டும். சேராத பெயர்களில் வருபவை 'மோசடியாக இருக்கலாம்' என்ற ஒரே தலைப்பின் கீழ் விழுந்தன. உண்மையானவர்களுக்குப் பரிசாக டிக் கொடுப்பதை விட, பதிவு செய்யாதவர்களுக்குத் தானாக எச்சரிக்கை கொடுப்பது. இந்தத் திசை மாற்றம் கெட்டிக்காரத்தனமானது என்று நினைக்கிறேன். டிக் இருக்கிறதா என்று தேடும் வேலை வாடிக்கையாளருக்கு இல்லை.

இந்தியா: பதிவேடு, டெம்ப்ளேட், 1600

நம்ம ஊரில் டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிமுறை உலகத்திலேயே கொஞ்சம் கடுமையானது. வணிக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமானால் நிறுவனம் முதலில் டிஎல்டி எனப்படும் பதிவேட்டில் சேர வேண்டும். பிளாக்செயின் வகைத் தொழில்நுட்பம்; தொலைபேசி நிறுவனங்கள் நடத்துகின்றன. பிறகு தன் அனுப்புநர் பெயரை, அதாவது ஹெடரை, பதிய வேண்டும். அதோடு முடியவில்லை. அனுப்பப் போகும் செய்தியின் வாசகத்தையே டெம்ப்ளேட்டாகப் பதிய வேண்டும். தொகை, தேதி, ஓடிபி போன்ற மாறும் இடங்கள் மட்டும் காலி. வாசகம் பொருந்தாவிட்டால் செய்தி போகாது.

இது நடைமுறைக்கு வந்த விதம் பலருக்கு நினைவிருக்கும். 2021 மார்ச் 8 அன்று தொலைபேசி நிறுவனங்கள் டெம்ப்ளேட் சோதனையைத் தொடங்கியதும் நாடு முழுக்க ஓடிபி வராமல் நின்றது. வங்கிப் பரிமாற்றம், ரயில் டிக்கெட், கோவின் தடுப்பூசிப் பதிவு எல்லாம் தடுமாறியது. பல நிறுவனங்கள் டெம்ப்ளேட்டைச் சரியாகப் பதிந்திருக்கவில்லை. மறுநாளே டிராய் அதை ஒரு வாரம் நிறுத்தி வைத்தது. சாட்சியைக் கடுமையாக்கினால் நல்லவர்களும் மாட்டிக்கொள்வார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓட்டையாக அடைக்கிறார்கள். 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டிப் பதியாத இணைய இணைப்புகள் உள்ள செய்திகள் தடுக்கப்படுகின்றன. 2025-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஹெடரின் கடைசியில் ஒரு எழுத்து சேர்ந்திருக்கிறது. உங்கள் போனில் இப்போதே பார்க்கலாம்: பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. 'உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்று சொல்லும் செய்தியின் கடைசியில் பி இருந்தால், அல்லது அது சாதாரணப் பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வந்திருந்தால், மேலே படிக்கவே வேண்டாம்.

குரல் அழைப்புக்கு வருவோம். 140 வரிசை விளம்பர அழைப்புகளுக்கு. 1600 என்று தொடங்கும் பத்து இலக்க எண்கள் சேவை, பரிவர்த்தனை அழைப்புகளுக்கு. 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு இதைச் சொன்னது. 2025 நவம்பரில் டிராய் துறைவாரியாகக் கெடு வைத்தது. வணிக வங்கிகளுக்கு அது 2026 ஜனவரி 1. (வாடிக்கையாளர்கள் இலவசமாக அழைக்கும் 1800 வேறு, இந்த 1600 வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

1600-இல் எனக்குப் பிடித்தது, அதற்கு ஆப் வேண்டாம், இணையம் வேண்டாம், ஸ்மார்ட்போன் வேண்டாம். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கும் நான்கு இலக்கம் படிக்கத் தெரியும். அந்த வரிசையில் எண் வாங்க ஒரு நிறுவனம் தன் அடையாளத்தைக் காட்ட வேண்டும். அப்போது நம்பரே முத்திரையாகிவிடுகிறது.

'அந்த நம்பரையே போலியாகக் காட்டினால்?' சரியான கேள்வி. பெரும்பாலும் அப்படிப்பட்ட அழைப்புகள் வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பரைக் காட்டிக்கொண்டு உள்ளே வரும். அதைப் பிடிக்கத் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஒரு அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்தில் மட்டும் சுமார் 1.35 கோடி அழைப்புகள் தடுக்கப்பட்டதாக அரசு சொன்னது. இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: அந்த வடிகட்டி வைக்கும் வரை ஒரே நாளில் அத்தனை பொய் நம்பர்கள் வந்துகொண்டிருந்தன.

பெயர் காட்டும் முறைகள்

நம்பரை விடப் பெயர் வசதி. ஆனால் அந்தப் பெயரைச் சொல்வது யார்?

2009-ல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ட்ரூகாலரில் அடிப்படையாகப் பெயரைச் சொல்வது கூட்டம். உங்கள் நம்பரை மற்றவர்கள் என்ன பெயரில் வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் ஸ்பேம் என்று புகார் செய்தார்கள் என்பதிலிருந்து வருகிறது. காசு கட்டிச் சரிபார்த்துக்கொள்ளும் நிறுவனங்களுக்குத் தனி முத்திரை உண்டு. கூட்டம் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனால் இன்று காலை வாங்கிய சிம் பற்றிக் கூட்டத்துக்கு எதுவும் தெரியாது.

இப்போது படிப்படியாக வந்துகொண்டிருக்கும் சிஎன்ஏபி வேறு மாதிரி. இதில் பெயரைச் சொல்வது தொலைபேசி நிறுவனம். சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் கொடுத்த பெயர். டிராய் 2024 பிப்ரவரியில் இதைப் பரிந்துரைத்தது. நிறுவனங்கள் தங்கள் வணிகக் குறியையோ ஜிஎஸ்டியில் பதிந்த வணிகப் பெயரையோ காட்டலாம் என்றும் அதில் உண்டு.

நல்ல முன்னேற்றம். ஆனால் அது சொல்வது சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதை மட்டும்தான். பார்சல் கொண்டு வரும் தம்பி தன் அப்பா பெயரில் வாங்கிய சிம்மில் பேசுவார். திரையில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் பெயர் வரும். நீங்கள் எடுக்க மாட்டீர்கள். இன்னொரு பக்கம், சில நூறு ரூபாய்க்காக யாரோ ஒருவர் தன் ஆதாரில் எடுத்துக் கொடுத்த சிம்மில் மோசடிக்காரர் பேசினால், திரையில் நல்ல தமிழ்ப் பெயர் ஒன்று தெரியும். இரண்டு பெயரும் விண்ணப்பத்தின்படி சரி.

ஆர்சிஎஸ் கதை இன்னொரு பாடம். எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறை. நிறுவனத்தின் லோகோ, சரிபார்த்த முத்திரை எல்லாம் அழகாகத் தெரியும். 2022-ல் இந்தியாவில் கூகுள் அதில் வந்த வணிக விளம்பரங்களைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்க வேண்டியிருந்தது. காரணம் போலி நிறுவனங்கள் இல்லை. முத்திரை வாங்கிய உண்மையான நிறுவனங்களே கடன் வேண்டுமா என்று விளம்பரமாகக் கொட்டித் தள்ளின, மக்கள் கொதித்தார்கள். யார் என்று நிரூபித்துவிட்டுத் தொல்லை கொடுத்தாலும் தொல்லை தொல்லைதான்.

எந்த முத்திரையைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள்

1. சாட்சி சொல்வது யார்? தொலைபேசி நிறுவனமா, அரசுப் பதிவேடா, ஒரு ஆப்பா, கூட்டமா?

2. அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார்? நம்பரின் உரிமையையா, சிம் விண்ணப்பத்தையா, செய்தியின் வாசகத்தையா, கட்டணம் கட்டிய ரசீதையா?

3. சாட்சி தப்பாக இருந்தால் யார் கட்டுவது?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத முத்திரை, என்னைப் பொறுத்தவரை, வெறும் அலங்காரம். லிங்கோ பணம் கட்டியது. ஓசிபிசி பணம் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் அந்தந்த நாடுகளில் மற்ற நிறுவனங்களும் நிமிர்ந்து உட்கார்ந்தன.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதற்கு எந்த முத்திரையும் பதில் சொல்லாது: அழைப்பவரின் நோக்கம். 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறவர்கள் வாட்ஸ்அப் வீடியோவில் சீருடையோடு வந்து அடையாள அட்டையைக் காட்டுகிறார்கள். அங்கே ஆளைக் கவிழ்ப்பது பயம். அப்படியொரு கைது முறை சட்டத்தில் கிடையவே கிடையாது என்று தெரிந்திருப்பதுதான் பாதுகாப்பு, டிக் இல்லை.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஒரு அழைப்பு. பேச்சு இப்படிப் போனது.

"சார், பேங்க்ல இருந்து பேசறேன். வெரிஃபிகேஷனுக்கு உங்க டேட் ஆஃப் பர்த் சொல்லுங்க."

"நீங்க பேங்க்தான்னு நான் எப்படிங்க வெரிஃபை பண்றது?"

"சார், பேங்க்ல இருந்துதான் சார் பேசறேன்."

"சரிங்க, வச்சிடுங்க. கார்டு பின்னாடி இருக்கிற நம்பருக்கு நானே கூப்பிடறேன்."

"அங்க கூப்பிட்டா எங்க டிபார்ட்மென்ட்டுக்கு லைன் வராது சார்."

அந்தப் பெண் உண்மையிலேயே வங்கியிலிருந்துதான் பேசினார், பிறகு கிளையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் மேல் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். ஆனால் அந்த வங்கி என்ன செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸில் 'விவரங்களை யாருக்கும் சொல்லாதீர்கள்' என்கிறது. போனில் 'சொல்லுங்கள்' என்கிறது. மோசடிக்காரருக்குத் தேவையான பழக்கத்தை வங்கியே தன் வாடிக்கையாளருக்குப் பயிற்சி கொடுத்து ஏற்படுத்துகிறது. இந்த நிலையில் 1600 எண் வாங்கி என்ன பயன்?

என் பட்டியல் இது:

- ஒரு எண்ணில் நில்லுங்கள். வாடிக்கையாளர் '1600 இல்லையென்றால் எங்கள் வங்கி இல்லை' என்று நம்ப வேண்டுமானால், வசூல் முகவரும் கடன் முகவரும் சொந்த மொபைலிலிருந்து அழைப்பதை முழுவதும் நிறுத்த வேண்டும். பாதி நிறுத்தினால் விதியே இல்லாமல் போகும்.

- நீங்கள் அழைத்தால் நீங்கள் நிரூபியுங்கள். வெளியே செல்லும் அழைப்பில் ரகசிய விவரம் எதையும் கேட்காதீர்கள்.

- திரும்ப அழைக்கும் வழியைச் செப்பனிடுங்கள். 'வைத்துவிட்டுக் கார்டின் பின்னால் உள்ள எண்ணுக்கு அழையுங்கள், இந்தக் குறிப்பு எண்ணைச் சொல்லுங்கள்' என்று ஊழியரே சொல்ல வேண்டும். அங்கே அழைத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று கால் மணி நேரம் ஓடக் கூடாது.

- ஆப் இருந்தால் அதில் காட்டுங்கள். பிரிட்டனின் மான்ஸோ வங்கி 2023-ல் இதைச் செய்தது. போன் வந்ததும் ஆப்பைத் திறந்தால், 'இப்போது நாங்கள் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்' அல்லது 'இல்லை' என்று தெரியும். முழுத் தொலைபேசி வலைப்பின்னலையும் மாற்றாமல், ஏற்கனவே நம்பிக்கையுள்ள இன்னொரு வழியில் சாட்சி சொல்வது. ஒரு பொறியாளனாக எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

- சேவை எண்ணில் விளம்பரம் செய்யாதீர்கள். இரண்டு முறை லோன் வேண்டுமா என்று கேட்டால், மூன்றாவது முறை உண்மையான மோசடி எச்சரிக்கைக்கு அழைக்கும்போது யாரும் எடுக்க மாட்டார்கள்.

சின்னக் கடைகள், கிளினிக்குகள், பரிசோதனைக் கூடங்களுக்கு ஆப் கிடையாது, 1600-க்கும் முத்திரைக்கும் செலவு செய்ய வசதி இருக்காது. அவர்களிடம் பெரிய நிறுவனங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: வாடிக்கையாளர் நேரில் வருகிறார். எங்கள் தெருவில் தையல்காரர் ஒருவர் துணியை வாங்கியதும் நம் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். 'சேவ் பண்ணிக்கோங்க, தைச்சதும் இதுலேர்ந்துதான் கூப்பிடுவேன்.' குறியாக்கவியலில் இதைச் சாவிகளை நேரில் பரிமாறிக்கொள்வது என்பார்கள், இருப்பதிலேயே வலுவான முறை. இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கிறார்கள், நடுவில் சாட்சி யாரும் தேவையில்லை. பெரியப்பா விஷயத்துக்குப் பிறகு அந்தப் பரிசோதனைக் கூடத்தில் இந்த யோசனையைச் சொன்னேன். ரத்தம் எடுக்கும் மேஜையிலேயே நம்பரைச் சேமிக்கச் சொல்லி இப்போது ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

அழைப்பு சந்தேகமாக இருந்தால் வைத்துவிட்டு நாமே அழைப்பதுதான் இன்றைக்கும் முதல் தரமான சரிபார்ப்பு. எண்ணைக் கார்டின் பின்புறத்திலிருந்தோ பாஸ்புக்கிலிருந்தோ எடுக்க வேண்டும். இணையத்தில் தேடி எடுக்கக் கூடாது. போலியான வாடிக்கையாளர் சேவை எண்கள் அங்கே ஏராளம். சந்தேகமான அழைப்பு, எஸ்எம்எஸ் பற்றித் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள சக்ஷு பகுதியில் புகார் செய்யலாம். பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930.

அப்புறம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுடைய போனை வாங்கி, டாக்டர், மருந்துக் கடை, பரிசோதனைக் கூடம், வங்கிக் கிளை, கேஸ் ஏஜென்சி நம்பர்களைத் தமிழில் பெயர் போட்டுச் சேமித்துக் கொடுங்கள். பத்து நிமிட வேலை. 'தெரியாத நம்பரை எடுக்காதீங்க' என்று சொல்வதோடு, தெரிந்த நம்பர்களின் எண்ணிக்கையையும் கூட்டிக் கொடுக்க வேண்டும்.